காயல் துறைமுகமும் மரணக் கதைகளும்: மார்கோ போலோ ஐரோப்பாவுக்குச் சொன்னது என்ன?

தூங்கும் அழகி நூறு வருஷம் கழித்துக் கண் விழிப்பாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தப்பட்ட ஸ்னோ ஒயிட் எழுந்து உட்காருவாள். ஓநாயின் வயிற்றைக் கிழித்தால் சிவப்புத் தொப்பிச் சிறுமியும் அவள் பாட்டியும் முழுசாக வெளியே வருவார்கள். நாம் சின்ன வயதில் கேட்ட ஐரோப்பியக் கதைகளில் சாவு கெட்டவர்களுக்கு மட்டும்தான் நிரந்தரம். நல்லவர்களுக்கு அது கொஞ்சம் நீளமான தூக்கம், அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கதைகள் அச்சேறுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவைக் கட்டிப்போட்ட இன்னொரு புத்தகம் இருந்தது. அதிலும் ராஜா, ராணி, மந்திரவாதி, ரத்தினம், கப்பல் எல்லாம் உண்டு. ஒரே வித்தியாசம், அதில் செத்தவர்கள் யாரும் எழுந்து வருவதில்லை. அந்தப் புத்தகத்தில் வரும் ஊர்களில் ஒன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் இருந்த காயல்.

அதைச் சொன்னவர் மார்கோ போலோ. வெனிஸ் நகரத்து வியாபாரி. அவர் இறந்து 700 ஆண்டுகள் தாண்டிவிட்டன. அவரை உலகம் சுற்றியவர் என்று எல்லோருக்கும் தெரியும். மரணத்தைப் பற்றி அவ்வளவு கதை சொன்னவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அவர் வாழ்க்கையையும், அதில் நம் கடற்கரை எங்கே வருகிறது என்பதையும் பார்ப்போம்.

அம்மா இல்லாத வீடு

மார்கோ போலோ 1254 வாக்கில் பிறந்தவர். அப்பா நிக்கோலோ, சித்தப்பா மஃபியோ இருவரும் வியாபாரிகள். மார்கோ கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே இருவரும் கிழக்கு நோக்கிப் போய்விட்டார்கள். போன இடத்தில் போர்களால் வழி அடைபட, ஊர் திரும்ப முடியாமல் இன்னும் கிழக்கே போய், மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் அரசவை வரைக்கும் சென்றுவிட்டார்கள்.

1269-இல் நிக்கோலோ வெனிஸுக்குத் திரும்பியபோது வீட்டில் மனைவி இல்லை. அவர் இறந்து போயிருந்தார். பதினைந்து வயது மகன் மட்டும் இருந்தான். அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்த்துக்கொண்டதே அப்போதுதான்.

தேவதைக் கதைகளில் இது வழக்கமான ஆரம்பம். அம்மா இறந்திருப்பாள், அப்பா தூர தேசம் போயிருப்பார், பிள்ளை தனியாக வளரும். சிண்ட்ரெல்லா தொடங்கிப் பல கதைகள் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன. அந்தக் காலத்தில் பிரசவத்திலும் நோயிலும் தாய்மார்கள் சீக்கிரமே இறந்துபோவது சகஜம். கதைகளில் அத்தனை சித்திகள் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மார்கோவுக்கு அது கதையாக இல்லாமல் வீட்டு நிலவரமாகவே இருந்தது.

1271-இல் அப்பாவும் சித்தப்பாவும் மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை 17 வயது மார்கோவையும் கூட்டிக்கொண்டு. பாரசீகம், பாமீர் மலை, கோபி பாலைவனம் என்று சுமார் மூன்றரை ஆண்டுகள் தரைவழிப் பயணம். 1275 வாக்கில் குப்ளாய் கானின் கோடைத் தலைநகரமான ஷாங்டுவை அடைந்தார்கள். அடுத்த 17 ஆண்டுகள் அங்கேதான். பேரரசர் அனுப்பிய வேலைகளுக்காகப் பல ஊர்கள் போய்வந்ததாகவும், பார்த்ததையெல்லாம் அவரிடம் கதையாகச் சொல்லி நல்ல பெயர் எடுத்ததாகவும் புத்தகம் சொல்கிறது.

ராஜகுமாரி கதை, ஆனால் தலைகீழ்

வயதான பேரரசர் இறந்துவிட்டால் தங்கள் கதி என்ன ஆகுமோ என்ற பயம் போலோ குடும்பத்துக்கு இருந்தது. ஊருக்குத் திரும்ப ஒரு வாய்ப்பு கல்யாண ரூபத்தில் வந்தது.

பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய அரசர் அர்குனின் மனைவி இறந்துவிட்டார். இறந்த மனைவியின் குலத்திலிருந்தே புது மனைவி வேண்டும் என்று அர்குன் மூன்று தூதர்களை அனுப்பினார். குப்ளாய் கான் கோகசின் என்ற 17 வயது இளவரசியைத் தேர்ந்தெடுத்தார். தரைவழியில் போர் நடந்ததால் கடல் வழியாக அனுப்ப முடிவானது. துணைக்கு மூன்று வெனிஸ்காரர்கள்.

14 கப்பல்கள், மாலுமிகள் நீங்கலாக 600 பேர் என்று புறப்பட்டார்கள். சுமத்ராவில் காற்று திரும்புவதற்காக ஐந்து மாதம் காத்திருந்தார்கள். பிறகு இந்தியக் கடல். ஹோர்முஸ் துறைமுகத்தில் இறங்கியபோது அந்த 600 பேரில் மிஞ்சியவர்கள் 18 பேர் என்று பல கையெழுத்துப் பிரதிகள் சொல்கின்றன. மூன்று தூதர்களில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். நோயா, புயலா, சண்டையா என்று புத்தகம் விளக்கவில்லை. எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

இளவரசி பிழைத்துக்கொண்டார். ஆனால் மாப்பிள்ளை இல்லை. அர்குன் 1291-லேயே இறந்துவிட்டார். கோகசினை அர்குனின் மகன் கஸானுக்குக் கட்டிவைத்தார்கள். கல்யாணமாகிச் சில ஆண்டுகளிலேயே அவரும் இறந்துபோனார்.

தேவதைக் கதையில் இளவரசன் ஒரு முத்தம் கொடுத்தால் இளவரசி உயிர் பெறுவாள். இங்கே இளவரசி பாதி உலகத்தைச் சுற்றி வந்து பார்த்தால் இளவரசன் மண்ணுக்குள். போலோவின் புத்தகத்தில் சாவு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இது ஒரு சாம்பிள்.

காயல்: ஐந்து ராஜாக்களும் ஒரு அம்மாவும்

இந்தத் திரும்பும் பயணத்தில்தான் தமிழ்க் கடற்கரை வருகிறது. அரபு வியாபாரிகள் மாபார் என்று அழைத்த பாண்டிய நாட்டுக் கரை. அப்போது ஆண்டவர் மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1268-இல் ஆட்சிக்கு வந்தவர். பாண்டியர் குடும்பத்தில் பலர் ஒரே நேரத்தில் பகுதி பகுதியாக ஆளும் வழக்கம் இருந்தது. போலோ இதை ஐந்து அண்ணன் தம்பி ராஜாக்கள் என்று புரிந்துகொண்டார்.

காயல் அவர் கண்ணுக்குப் பெரிய, அருமையான நகரம். ஹோர்முஸ், கிஷ் தீவு, ஏடன், அரேபியாவின் மற்ற துறைமுகங்கள் என்று மேற்கிலிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் இங்கேதான் ஒதுங்கின. முக்கியச் சரக்கு குதிரை. வெளியூர் வியாபாரிகளை அரசர் நன்றாக நடத்தியதால் அவர்கள் விரும்பி வந்தார்கள் என்கிறார்.

இது எந்தக் காயல்? தாமிரபரணி கழிமுகத்தை ஒட்டிய பழையகாயல்தான் என்று 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் கால்டுவெல் அடையாளம் காட்டினார். அங்கே அவர் பார்த்தது உடைந்த ஓடுகளும், சீனப் பீங்கான் துண்டுகளும். ஆறு கொண்டுவந்த மண் சேரச் சேரக் கடல் விலகிப் போக, துறைமுகம் உள்ளூராகிவிட்டது. வியாபாரத்தின் வாரிசாகக் கொஞ்சம் தெற்கே இருக்கும் காயல்பட்டினம் நின்றது. அரபு நாட்டுத் தொடர்பு, அரபுத்தமிழ் எழுத்து, கடல் வாணிகக் குடும்பங்கள் என்று அந்தப் பழைய காயலின் நினைவை இன்றும் வைத்திருப்பது காயல்பட்டினம்தான்.

காயலைப் பற்றிய அத்தியாயத்தில் போலோ ஒரு அம்மாவைக் கொண்டுவருகிறார். ஐந்து ராஜாக்களுக்கும் தாய். பிள்ளைகள் படை திரட்டிக்கொண்டு சண்டைக்குப் போகும்போதெல்லாம் அவர் நடுவில் வந்து நிற்பாராம். கேட்காவிட்டால் கத்தியை எடுத்து, பால் கொடுத்த மார்பை அறுத்து, சுமந்த வயிற்றைக் கிழித்து, உங்கள் கண் முன்னாலேயே சாவேன் என்று மிரட்டுவாராம். பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். அவர் காலம் முடிந்ததும் இவர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்வது நிச்சயம் என்று முடிக்கிறார் போலோ.

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதிய ஒரு கதையில், மரணம் தூக்கிக்கொண்டு போன குழந்தையை மீட்க ஒரு தாய் தன் கண்களையே கொடுக்கிறாள். அங்கே தாய் மரணத்தைத் துரத்துகிறாள். காயல் கதையில் தாய் மரணத்தையே ஆயுதமாகக் கையில் எடுக்கிறாள்.

இந்தத் தாய் யார் என்று எந்தக் கல்வெட்டும் பேசவில்லை. துறைமுகத்தில் வியாபாரிகள் பேசிக்கொண்ட கதையாக இருக்கலாம். ஆனால் கடைசியில் நடந்தது என்னவோ அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. போலோ இதைச் சொன்னது 1298-இல். பன்னிரண்டே ஆண்டுகளில், 1310 வாக்கில், குலசேகர பாண்டியனை அவர் மகன் சுந்தர பாண்டியனே கொன்றதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். பட்டம் இன்னொரு மகன் வீர பாண்டியனுக்குப் போகிறது என்ற ஆத்திரம்தான் காரணம். அண்ணன் தம்பி சண்டை மூண்டது. 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரை வந்துவிட்டார். பாண்டியப் பேரரசு அதற்குப் பிறகு பழையபடி எழவே இல்லை.

வெற்றிலை எச்சிலும் வாளும்

அதே அத்தியாயத்தில் இன்னொரு வழக்கமும் வருகிறது. ஊரே வெற்றிலை மெல்லும். ஒருவரை அவமானப்படுத்த நினைத்தால், மென்ற வெற்றிலையை அவர் முகத்தில் துப்பினால் போதும். துப்பப்பட்டவர் நேராக அரசனிடம் போவார், சண்டை போட அனுமதி கேட்பார். அரசன் இருவருக்கும் வாளும் கேடயமும் தருவான். ஊர் கூடி வேடிக்கை பார்க்க, ஒருவர் சாகும்வரை சண்டை நடக்கும். வாளின் முனையால் குத்தக் கூடாது, அது அரசன் உத்தரவு.

கவனித்தால், இங்கே யாரும் யாரையும் சபிப்பதில்லை. பழி தீர்க்க மந்திரமும் இல்லை. விதிமுறை இருக்கிறது. சாவுக்குக்கூட அரசாங்கப் பெர்மிஷன்.

முத்து, பெருமீன், மந்திரம்

இந்தக் கடற்கரையின் பெருமை முத்து. இலங்கைக்கும் பாண்டிய நாட்டுக்கும் நடுவில் இருக்கும் ஆழம் குறைந்த கடலில் ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு நடப்பதாகப் போலோ சொல்கிறார். வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து பெரிய கப்பலில் வருவார்கள். கூலிக்குப் பேசிய ஆட்கள் சின்னப் படகுகளில் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிச் சிப்பியை அள்ளி வருவார்கள்.

கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு. அவர் வேலை, முத்துக்குளிப்பவர்களைப் பெரிய மீன்கள் தாக்காமல் கட்டிவைப்பது. பகலில் மட்டும்தான் கட்டு. சாயங்காலம் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார். அப்போதுதான் ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கிச் சிப்பி எடுக்கமாட்டார்கள்.

ஐரோப்பிய வாசகருக்கு இது சுத்தமான மாயாஜாலம். ஆனால் முத்துக்குளித்துறைக்கு இது தெரிந்த ஆள்தான். பெயர் கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுபவர் என்ற நம்பிக்கையில் அவரை அழைத்துவருவார்கள். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் காலங்களைத் தாண்டி ஆங்கிலேயர் காலம் வரை இந்த வழக்கம் நீடித்தது. மந்திரத்தில் நம்பிக்கையே இல்லாத வெள்ளைக்கார அதிகாரிகளும் கடல்கட்டியைத் தவிர்க்க முடியவில்லை. காரணம் எளிது. அவர் கரையில் நிற்காவிட்டால் ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள்.

இதை இன்றைய மொழியில் சொன்னால், இன்ஷூரன்ஸ் இல்லாத காலத்து இன்ஷூரன்ஸ். பிரீமியம் இருபதில் ஒன்று. உயிருக்கு உத்தரவாதம் கிடையாது, இறங்குவதற்குத் தைரியம் கிடைக்கும். ராத்திரிக் கட்டை அவிழ்ப்பது முதலாளிகளுக்கான பாதுகாப்பு. அதே பயம் பகலில் ஆளைக் காப்பாற்றியது, இரவில் சரக்கைக் காப்பாற்றியது.

1961-க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சிப்பிப் படுகைகள் மெலிந்துவிட்டன. ஆனால் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றுக்குழாயை நம்பி ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு, போலோ காலத்து ஆபத்து முழுசாக விலகிவிடவில்லை.

சாகத்தான் வந்த குதிரைகள்

போலோ வியாபாரி. அவர் கண் கணக்கில் கூர்மையானது. பாண்டிய நாட்டில் குதிரை பிறப்பதில்லை. ஒவ்வொரு அரசனும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்குகிறான், தம்பிகளும் அப்படியே. ஆண்டு முடிவில் பார்த்தால் நூறுகூட மிஞ்சாது. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, தீனி சரியில்லை, வெயில் வேறு.

அடுத்து அவர் சொல்வதுதான் முக்கியம். குதிரை விற்கும் வியாபாரிகள் லாடக்காரரையோ குதிரை வைத்தியரையோ கூட்டிவருவதில்லை, மற்றவர்கள் வரவும் விடுவதில்லை. குதிரை செத்தால்தான் அடுத்த ஆண்டு வியாபாரம். தீனி விஷயத்தில் வஸ்ஸாஃபும் இதே போன்ற குறையைத்தான் எழுதுகிறார்.

எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் சாவை நம்பி ஒரு சந்தையே ஓடியது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது, அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். மந்திரக் குதிரைகள் பறக்கும் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஐரோப்பாவுக்கு, காயல் துறைமுகத்தில் இறங்கிச் செத்த குதிரைகளின் கணக்கு போனது இப்படித்தான்.

அரசனோடு எரிந்தவர்கள்

பாண்டிய அரசனைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்குமாம். கூடவே குதிரையில் வருவார்கள், நாட்டில் அவர்களுக்குப் பெரிய மரியாதை. அரசன் இறந்து சிதை எரியும்போது அவர்களும் அந்தத் தீயில் குதித்துவிடுவார்கள். இந்த உலகத்தில் கூட இருந்தவர்கள் அந்த உலகத்திலும் கூட இருக்க வேண்டும் என்பது நியாயம்.

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு இவர்கள் புதியவர்கள் இல்லை. பாண்டியனின் ஆபத்துதவிகள்தான் இவர்கள் என்று ஆய்வாளர்கள் பொருத்திப் பார்க்கிறார்கள். சோழர்களிடம் வேளக்காரப் படை இருந்தது. உயிரைக் கொடுப்பதாக உறுதி எடுத்தவர்கள்.

மரண தண்டனை பெற்றவனைப் பற்றியும் போலோ சொல்கிறார். இன்ன தெய்வத்துக்காக நானே உயிரைக் கொடுக்கிறேன் என்று அவன் கேட்டுக்கொள்ளலாம். உறவினர்கள் அவனைத் தேர் போன்ற வண்டியில் உட்காரவைத்து, பன்னிரண்டு கத்திகள் கொடுத்து, ஊர்வலமாகக் கூட்டிப்போவார்கள். அவன் ஒவ்வொரு கத்தியாகத் தன் உடம்பில் குத்திக்கொண்டு சாவான். குற்றவாளியாகக் கிளம்பியவன் பலியாளாக முடிவான். குடும்பத்துக்கு அவமானம் போய்ப் பெருமை வந்துவிடும்.

உடம்பின் ஒன்பது இடங்களை வெட்டிக்கொண்டு உயிர் விடும் நவகண்டம், தலையைத் தானே அரிந்து கொடுக்கும் அரிகண்டம் ஆகியவற்றைக் காட்டும் சிற்பங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இன்றும் நிற்கின்றன. போலோ கேட்டது முழுக் கற்பனை அல்ல என்பதற்கு அவை கல்லில் உள்ள சாட்சி.

இன்னொன்று, கடன் வட்டம். கடன் கொடுத்தவர், வாங்கியவரைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டுவிட்டால், கடனை அடைக்காமல் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. வெளிநாட்டு வியாபாரி ஒருவர் குதிரையில் வந்த அரசனைச் சுற்றியே கோடு போட்டதையும், பணம் வந்து சேரும்வரை அரசன் அசையாமல் நின்றதையும் தானே பார்த்ததாகப் போலோ சொல்கிறார். மாய வட்டம் ஐரோப்பியக் கதைகளிலும் உண்டு. அங்கே அது பேயை நிறுத்தும். இங்கே ராஜாவை நிறுத்துகிறது.

கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளில் ஒன்றில், மரணமே ஒரு ஏழையின் பிள்ளைக்கு ஞானத் தந்தையாக வரும். பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவது மரணம் மட்டும்தான் என்பதால் அந்த ஏழை அதைத் தேர்ந்தெடுப்பான். போலோ பார்த்த உலகத்தில் அந்தச் சமத்துவம் இல்லை. ஒரு அரசன் செத்தால் பலர் சேர்ந்து சாக வேண்டும். மங்கோலியப் பேரரசர் மோங்கே கானின் உடலைக் கொண்டுபோனபோது, வழியில் எதிர்ப்பட்ட 20,000-க்கும் அதிகமானவர்கள் கொல்லப்பட்டதாக அவரே வேறு இடத்தில் சொல்கிறார்.

சாவைப் பார்த்த இளவரசன்

பாண்டிய நாட்டுக்கு எதிரே இலங்கை. அங்குள்ள உயர்ந்த மலையைப் பற்றிச் சொல்லும்போது போலோ ஒரு இளவரசனின் கதையை எடுக்கிறார். அரசன் தன் மகனுக்குச் சாவு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் அரண்மனைக்குள் வைத்து வளர்க்கிறான். ஒருநாள் வெளியே போகும் இளவரசன் பிணத்தைப் பார்க்கிறான். எல்லோரும் இப்படி ஆவார்களா என்று கேட்கிறான். இன்னொரு நாள் நடக்க முடியாத முதியவரைப் பார்க்கிறான். அதற்குப் பிறகு அரண்மனை அவனுக்கு ஒட்டவில்லை. கிளம்பிவிடுகிறான்.

ஆம், புத்தர் கதைதான். மதம் தாண்டி மதிப்போடு இதைச் சொன்ன முதல் ஐரோப்பியர்களில் ஒருவர் போலோ.

இதில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரியும், ஆனால் யாருடையது என்று தெரியாது. புத்தர் கதை இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு, ஜார்ஜிய மொழி, கிரேக்கம், லத்தீன் என்று கை மாறிப் போய், போதிசத்துவர் என்ற சொல் ஜோசபாத் என்று திரிந்து, கிறிஸ்தவத் துறவியின் கதையாகிவிட்டது. பார்லாம், ஜோசபாத் இருவரையும் புனிதர்களாகவே கொண்டாடினார்கள். அவர்களுக்கு நவம்பர் 27-இல் திருநாளும் இருந்தது. ஐரோப்பா மரணத்தை யோசிக்கக் கற்றுக்கொண்ட கதைகளில் ஒன்று, இந்தப் பக்கத்திலிருந்து போனதுதான்.

சிறையில் பிறந்த புத்தகம்

1295-இல் மார்கோ போலோ வெனிஸுக்குத் திரும்பினார். கிளம்பி 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. கொஞ்ச காலத்திலேயே வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த கடற்போரில் பிடிபட்டு ஜெனோவா சிறைக்குப் போனார். அங்கே சக கைதியாக இருந்தவர் பைசா நகரத்து ருஸ்டிகெல்லோ. அவர் யார் தெரியுமா? ஆர்தர் ராஜா, வட்டமேசை வீரர்கள் கதைகளை எழுதியவர். 1298-இல் போலோ சொல்லச் சொல்ல, ருஸ்டிகெல்லோ இத்தாலியம் கலந்த பிரெஞ்சில் எழுதினார்.

அதாவது கணக்குப் பார்த்தது வியாபாரி, வாக்கியம் அமைத்தது கதாசிரியர். காயலின் குதிரை விலையும் ஐந்து ராஜாக்களின் தாயும் ஒரே அத்தியாய வரிசையில் வருவது இதனால்தான். எது போலோ பார்த்தது, எது கேட்டது, எது ருஸ்டிகெல்லோ மெருகேற்றியது என்று பிரிப்பது இன்றும் கஷ்டம். மூலப் பிரதி கிடைக்கவில்லை. சுமார் 150 கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று வித்தியாசத்தோடு.

போலோ சீனாவுக்கே போகவில்லை என்று 1995-இல் பிரான்சஸ் வுட் என்ற ஆய்வாளர் ஒரு புத்தகம் எழுதினார். சீனப் பெருஞ்சுவரைப் பற்றியும் தேநீரைப் பற்றியும் ஏன் எழுதவில்லை என்பது அவர் கேள்விகளில் சில. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்கவில்லை. அர்குன் அனுப்பிய தூதர்களின் பெயர்கள் சீன ஆவணத்திலும் போலோ சொன்னபடியே இருக்கின்றன. உப்பு வரி, காகிதப் பணம் பற்றிய விவரங்களும் பொருந்துகின்றன. தமிழ்க் கடற்கரையைப் பற்றிச் சொன்னதிலும் குதிரை வியாபாரம், முத்துக்குளிப்பு, கடல்கட்டி, ஆபத்துதவிகள் ஆகியவற்றுக்கு வேறு ஆதாரங்கள் துணை நிற்கின்றன.

கடைசிப் படுக்கை

1299-இல் விடுதலையான போலோ, அடுத்த ஆண்டு டொனாட்டா படோயேர் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். ஃபாண்டினா, பெலேலா, மொரேட்டா என்று மூன்று மகள்கள். மீதி வாழ்க்கை முழுக்க வெனிஸில் வியாபாரம். ஊரில் அவர் புத்தகத்தைக் கட்டுக்கதை என்று சிரித்தவர்கள் நிறைய.

1324 ஜனவரியில் உடல்நிலை மோசமானது. நண்பர்கள் சுற்றி நின்று, சாகிற நேரத்திலாவது புத்தகத்தில் இருக்கும் பொய்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னதாகவும், பார்த்ததில் பாதியைக்கூட நான் எழுதவில்லை என்று அவர் மறுத்துவிட்டதாகவும், அந்தக் காலத்துத் துறவி ஜாகோபோ டாக்வி எழுதிவைத்திருக்கிறார். இதுவும் கதைதான் என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. கதை சொன்னவருக்கு அவர் மரணமே ஒரு கதையாகிவிட்டது.

சந்தேகம் இல்லாத ஒரு காகிதம் இருக்கிறது. 1324 ஜனவரி 9 தேதியிட்ட அவர் உயில். வெனிஸில் உள்ள மார்சியானா நூலகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. மனைவியையும் மூன்று மகள்களையும் பொறுப்பாளர்களாக நியமித்து, சொத்தைப் பெண் பிள்ளைகளுக்கு எழுதியிருந்தார். பியெத்ரோ என்ற தார்த்தாரிய அடிமைக்கு விடுதலையும் கொடுத்திருந்தார். பாண்டிய அரசனோடு கூட்டாளிகள் தீயில் குதித்ததையும், மங்கோலியப் பேரரசரோடு ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதையும் சொன்னவர், தான் போகும்போது தன்னிடம் கட்டுப்பட்டிருந்த ஒருவரை அவிழ்த்துவிட்டுப் போனார். ஆனால் கடலில் தொலைந்த அந்த நூற்றுக்கணக்கானவர்களின் பெயர்களும், காயல் கடலில் மூச்சடக்கி இறங்கியவர்களின் பெயர்களும் அவர் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

வெனிஸின் சான் லொரென்சோ தேவாலயத்தில் அவரைப் புதைத்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தத் தேவாலயத்தை இடித்துக் கட்டியபோது கல்லறை காணாமல் போனது. தாமிரபரணி கழிமுகத்தில் அவர் பார்த்த துறைமுகமும் மண்ணுக்குள் போய்விட்டது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பழையகாயலில் இப்போது பார்ப்பது கழிமுகத்துச் சேற்றையும் உப்பளங்களையும்தான்.